கோழி சொன்ன துப்பு

அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஒரு மளிகைக் கடை வைத்தாலே மூன்றாம் வருஷம் நடுவில் சுவர் எழும்பிவிடுகிறது. பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையிலேயே பாதிக் கடைகள் பிளந்து போகின்றன. அப்படியிருக்க, கூர்மையான புத்தியும் அதற்குத் தக்க தன்மானமும் உள்ள இரண்டு விஞ்ஞானிகள், ஒரே ஆராய்ச்சிசாலையையும் ஒரே சிஷ்யர் கூட்டத்தையும் வைத்துக்கொண்டு பல வருஷங்கள் கூட்டாக வேலை செய்தார்கள் என்றால் நம்புவது சற்றுக் கடினந்தான். ஆனால் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதியில் அது நடந்தது. புற்றுநோயின் மூலத்தைப் பற்றி உலகம் எண்ணியிருந்ததை அந்தக் கூட்டு முயற்சி தலைகீழாக மாற்றியது. கடைசியில் பெயர்ப் பலகைச் சச்சரவும் வராமற் போகவில்லை. அதையும் சொல்லத்தான் போகிறோம்.

பங்காளிகளில் ஒருவர் மைக்கேல் பிஷப். பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஒரு பாதிரியாரின் குமாரராய்ப் பிறந்தவர். 1968-ம் வருஷம் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வந்தார். மற்றவர் ஹாரல்ட் வார்மஸ். இவர் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, பிறகு மனம் மாறி வைத்தியம் படித்தவர். (இலக்கியம் படித்து உருப்பட்டவன் யார் என்று பிள்ளைகளைக் கண்டிக்கும் தகப்பனார்கள் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.) 1970-ல் பிஷப்பிடம் பயிற்சி பெற வந்தவர், வெகு சீக்கிரத்தில் சரிசமானமான பங்காளியானார்.

அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம் மிகப் பழையது. 1909-ம் வருஷத்தில், மார்பில் கட்டி கண்ட கோழி ஒன்றை நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஸ்தாபனத்துக்கு யாரோ கொண்டுவந்தார்கள். அங்கே பேட்டன் ரௌஸ் என்ற இளம் டாக்டர் அந்தக் கட்டியை அரைத்து, ஜீவ அணுக்களும் பாக்டீரியாக்களும் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி எழும்பிற்று! சாற்றில் இருந்தது ஒரு வைரஸ். 1911-ல் அவர் இதை வெளியிட்டபோது, “கோழிக்கு வந்தால் மனிதனுக்கு என்ன?” என்று நிபுணர்கள் ஒதுக்கிவிட்டார்கள். ரௌஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-ல். அப்போது அவருக்கு வயது 87. அவருடைய மாப்பிள்ளை ஆலன் ஹாட்ஜ்கினுக்கு 1963-லேயே அந்தப் பரிசு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இலை போட்டுப் பரிமாறிய பிறகு மாமனாரைக் கூப்பிட்ட பந்தி உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்தக் கோழி வைரஸுக்கு ஜீன்கள், அதாவது பரம்பரைக் குணங்களைத் தாங்கும் மரபுக் கூறுகள், நாலே நாலுதான். மூன்று, வைரஸ் தன் இனத்தைப் பெருக்கிக்கொள்வதற்கு. நான்காவதான ‘ஸார்க்’ என்பதுதான் கட்டியை உண்டாக்குகிறது. அது இல்லாமலே வைரஸ் சௌக்கியமாகப் பெருகுகிறது. அப்படியானால் தனக்கு வேண்டாத ஒரு ஜீனை அது ஏன் சுமந்து திரிகிறது? எங்கிருந்து அதைப் பெற்றது? பிஷப்பும் வார்மஸும் கேட்ட கேள்வி இதுதான்.

இங்கேதான் கூட்டுறவின் மகிமை தெரிகிறது. பீட்டர் வோக்ட் என்ற மற்றொரு விஞ்ஞானி, ‘ஸார்க்’ ஜீனை இழந்துவிட்ட ஒருவகை வைரஸைப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தார். அதை இவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்தார். பிரான்ஸிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த டொமினிக் ஸ்டெஹலின் என்ற இளைஞர் பரிசோதனையைக் கையில் எடுத்துக்கொண்டார். செய்த முறையை இப்படிச் சொல்லலாம். ஒரே புஸ்தகத்துக்கு இரண்டு பிரதிகள். ஒன்று முழுப் பிரதி, மற்றொன்றில் ஓர் அத்தியாயம் கிழிந்து போயிருக்கிறது. முழுப் பிரதியைத் துண்டு துண்டாக நகல் எடுத்து, கிழிந்த பிரதியோடு ஒத்துப் போகும் துண்டுகளையெல்லாம் தள்ளிவிட்டால் மிஞ்சுவது காணாமற் போன அத்தியாயந்தானே? அப்படி மிஞ்சிய துண்டுகளே ‘ஸார்க்’. நகலெடுக்கும்போதே ரேடியோ கதிர் வீசும் அடையாளம் ஒன்றையும் அவற்றில் சேர்த்திருந்தார்கள். அந்தத் துண்டுகளைத் துப்பறியும் நாய் போல ஏவிவிட்டு, வேறு எங்கெங்கே அதே வாசகம் இருக்கிறதென்று தேட வேண்டியதுதான் பாக்கி. சொல்வதற்கு இரண்டு வரி. செய்வதற்கு வருஷக்கணக்கில் பொறுமை வேண்டியிருந்தது.

தேடினார்கள். நோயே இல்லாத கோழியின் ஜீவ அணுவில் ‘ஸார்க்’ இருந்தது! காடையில் இருந்தது, வான்கோழியில் இருந்தது, வாத்தில் இருந்தது, ஆஸ்திரேலியாவின் ஈமு பட்சியிலும் இருந்தது. கோழியின் மூதாதையும் ஈமுவின் மூதாதையும் பிரிந்து சுமார் 10 கோடி வருஷங்கள் ஆகின்றன. ஆகவே அந்த ஜீன் வைரஸின் சொந்தச் சொத்தல்ல, பட்சிகளின் குலதனம். வைரஸ்தான் என்றோ ஒரு நாள் அதைத் திருடிக்கொண்டு போயிருக்கிறது. திருடும்போது அதன் வாலை நறுக்கியும்விட்டது. அந்த வாலோ வண்டிக்குப் பிரேக் போன்றது. ஜீவ அணுவுக்கு எப்போது வளரலாம் என்று உத்தரவு கொடுத்துக்கொண்டு ஒழுங்காயிருந்த ஜீன், பிரேக் இழந்து, ஓயாமல் “வளர், வளர்” என்று கட்டளையிடத் தொடங்கிவிட்டது. இந்த முடிவு 1976-ல் வெளியாயிற்று. சீக்கிரத்திலேயே மனித உடலிலும் அந்த ஜீன் இருப்பது தெரிந்தது.

இதனால் என்ன என்று கேட்கலாம். நம் வீடுகளில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் இன்னும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம். அவர் தண்ணீர் குடித்த தம்ளரைத் தனியே கவிழ்த்து வைக்கும் வீடுகளும் உண்டு. பூர்வஜன்ம பாபம் என்று அங்கலாய்ப்பவர்களுக்கும் குறைவில்லை. அந்த நோயாளி வியாதியால் பாதி, இந்தத் தனிமையால் பாதி வாடுகிறார். ஆனால் புற்று என்பது தம்ளரில் ஒட்டிக்கொண்டு வரும் பிசாசு அல்ல. நம்மை வளர்த்து ஆளாக்கிய ஜீன்களே, புகையிலைப் புகையாலோ, கடும் வெயிலாலோ, நகலெடுக்கையில் நேரும் தற்செயலான பிழையாலோ பழுதாகும்போது அது வருகிறது. 1982-ல் மனிதருடைய மூத்திரப்பைப் புற்றிலிருந்து எடுத்த ஒரு ஜீனைப் பரிசோதித்தபோது, அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததைக் கண்டார்கள். ஓர் எழுத்து!

பழுது இன்னதென்று தெரிந்தால் பரிகாரமும் தேடலாம். ‘ஸார்க்’ ஜீனுக்கு உறவான ‘ஏபிள்’ என்ற ஜீன் கெட்டுப்போவதால் ஒருவகை நாட்பட்ட ரத்தப் புற்று உண்டாகிறது. அந்தக் கெட்ட ஜீனின் வேலையைத் தடுக்கும் ‘இமாடினிப்’ என்ற மாத்திரையை 2001-ல் அமெரிக்க அரசாங்கம் அங்கீகரித்தது. நாட்களை எண்ணிக்கொண்டிருந்த பலர் அதன் பலத்தால் வருஷக்கணக்கில் சௌக்கியமாக வாழ்ந்தார்கள்.

இனிப் பெயர்ப் பலகைக்கு வருவோம். 1989-ம் வருஷத்து வைத்திய நோபல் பரிசு பிஷப்புக்கும் வார்மஸுக்கும் கிடைத்தது. உடனே பிரான்ஸிலிருந்து ஸ்டெஹலின் பகிரங்கமாக ஆட்சேபித்தார். கையால் செய்தது நான், பரிசு அவர்களுக்கா என்பது அவர் வாதம். பரிசுக் குழு அசையவில்லை. கேள்வியைக் கேட்டவர்களும், ஆராய்ச்சிசாலையை அமைத்தவர்களும், அதற்கு முன்னும் பின்னும் பல வருஷங்கள் அந்த வழியிலேயே நடந்தவர்களும் அவ்விருவர்தான் என்பது எதிர்வாதம். இதில் நியாயம் இல்லாமலில்லை. பயிற்சிக்கு வந்தவர் மூன்று வருஷம் உழைத்துவிட்டு முழு நிலத்துக்கும் பட்டா கேட்க முடியாது. ஆனால் நோபல் பரிசை மூன்று பேர் வரையில் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்பது அந்த ஸ்தாபனத்தின் சொந்த விதி. அவ்வருஷம் மூன்றாவது மணை காலியாகவே கிடந்தது. உழுதவன் வாசலில் நிற்கும்போது மணையைக் காலியாகப் போட்டு வைப்பது என்ன விருந்தோ, நமக்கு விளங்கவில்லை. மூன்றாவதாக ஒருவரை உட்கார வைத்தால், வைரஸைக் கொடுத்த வோக்டுக்கு என்ன சமாதானம் சொல்வது என்று குழுவினர் அஞ்சினார்களோ என்னவோ!

பிஷப்பையும் வார்மஸையும் இதற்காகக் குறை கூறுவது தகாது. பரிசைப் பங்கிடுவது அவர்கள் கையில் இல்லை. தங்கள் நோபல் பிரசங்கங்களில் அவர்கள் சகாக்களின் பெயரை மறைக்கவுமில்லை. தங்கள் கையில் இருந்ததை அவர்கள் பதின்மூன்று வருஷங்களுக்கு முன்பே முறையாகச் செய்திருந்தார்கள். விஞ்ஞானப் பத்திரிகைகளில், பரிசோதனையைக் கையால் செய்தவர் பெயர் முதலில் வருவது வழக்கம். 1976-ல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. ஸ்டெஹலின், வார்மஸ், பிஷப், வோக்ட் என்பது அவற்றின் வரிசை.