'ரு' வந்தால் என்ன பாடுவது? ஜப்பானியர்களைத் திணறடிக்கும் ஒற்றை எழுத்து!

பவர்கட் ராத்திரி, ரயில் பயணம், கல்யாண மண்டபத்து மொட்டைமாடி... நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், நம்மூரில் 'பாட்டுக்குப் பாட்டு' தானாகத் தொடங்கிவிடும். அப்துல் ஹமீதின் கணீர்க் குரலில் எழுத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஜப்பானில் இதற்கு ஒரு பங்காளி இருக்கிறது. பெயர், ஷிரிதோரி. 'ஷிரி' என்றால் பின்பக்கம், 'தோரி' என்றால் பிடிப்பது. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் புதுச்சொல் சொல்ல வேண்டும். பெயர்ச்சொல் மட்டும்தான் செல்லும், சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது. பேச்சு வந்த குழந்தை முதல் பல்செட் வைத்த தாத்தா வரை எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம் இது.

இதையே கரோக்கி அறைக்குள் கொண்டுபோனால் சொல்லுக்குப் பதில் பாட்டு. ஒரு பாட்டின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ, அதே எழுத்தில் தொடங்கும் பாட்டை அடுத்தவர் பாட வேண்டும். நாம் பல்லவியின் முதல் சொல்லை வைத்துத்தான் பாட்டை அடையாளம் சொல்வோம். அங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாகத் தலைப்பு உண்டு. கரோக்கி மெஷினில் தேடுவதும் அதை வைத்துத்தான்.

கேட்க சுலபமாக இருக்கிறதா? 'ரு' வரட்டும், தெரியும்!

வாலில் கூட்டம், தலையில் பஞ்சம்

ஜப்பானிய மொழியில் 'ரு'வில் முடியும் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. குரங்குக்கு ஸரு, வசந்தத்துக்கு ஹரு, இரவுக்கு யொரு, தவளைக்கு காயெரு. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் 'ல்' என்று முடியும் சொற்களெல்லாம் அங்கே போனதும் 'ரு' ஆகிவிடும். ஹோட்டல் 'ஹொதெரு', டவல் 'தாவொரு', பந்து 'பூரு' இல்லை, 'போரு'. ஆனால், 'ரு'வில் தொடங்கும் சொற்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். எனவே எதிராளிக்கு வேண்டுமென்றே 'ரு'வாகத் தள்ளிவிடுவது பெரிய தந்திரம். 'ரு ஸெமெ', அதாவது 'ரு தாக்குதல்' என்றே அதற்குப் பெயர். இதிலிருந்து தப்பிக்கத் தெரிந்தவர்கள் 'ரூரு' என்பார்கள். 'ரூல்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய வடிவம் அது. 'ரு'வில் தொடங்கி 'ரு'விலேயே முடிவதால், வீசிய பந்து வீசியவர் கைக்கே திரும்பிவிடும்.

இந்தப் பஞ்சத்துக்குக் காரணம், தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஜப்பானின் பூர்விகச் சொற்கள் ர வரிசையில் தொடங்குவதே இல்லை. தொல்காப்பியர் சொல்லும் மொழிமுதல் எழுத்துகளிலும் ரகரம் கிடையாதே! அதனால்தான் நம் முன்னோர் ராமனை 'இராமன்' என்றும் ரோம் நகரை 'உரோமாபுரி' என்றும் எழுதினார்கள். ஜப்பானியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எதோ காலத்தில் ரஷ்யாவை 'ஒரொஷியா' என்றார்கள். இங்கே உகரம், அங்கே ஒகரம். அவ்வளவுதான் வித்தியாசம்!

நம் சினிமாப் பாட்டுகளில் ர வரிசையை யோசித்துப் பாருங்கள். ராஜா, ராத்திரி, ராமன், ரயில், ரோஜா என்றே வரும். எல்லாம் வெளியிலிருந்து வந்த சொற்கள். ஜப்பானியப் பாட்டுகளிலும் அதே கதைதான்.

மாணிக்க மோதிரமும் லிப்ஸ்டிக்கும்

'ரு' என்றதும் ஜப்பானில் ஒரு வயதைத் தாண்டியவர்கள் வாயில் முதலில் வருவது 'ருபீ நோ யுபிவா'. மாணிக்க மோதிரம் என்று பொருள். 1981-ல் வந்த இந்தப் பாட்டை இசையமைத்துப் பாடியவர் டெராவோ அகிரா. அந்த ஆண்டின் ஜப்பான் ரெக்கார்டு விருதும் இதற்குத்தான். பாடகர் என்பதைவிட நடிகராக இவரைப் பலருக்குத் தெரியும். அகிரா குரோசவாவின் 'ரான்' படத்தில் மூத்த மகனாக வருபவர் இவர்தான். படத்தின் பெயரும் 'ர'வில் தொடங்குவதைக் கவனியுங்கள். அது சீனத்திலிருந்து வந்த சொல்!

அடுத்தது 'ரூஜு நோ தெங்கொன்'. 'ரூஜு' பிரெஞ்சுச் சொல், உதட்டுச் சாயம். லிப்ஸ்டிக்கால் எழுதிய சேதி என்று அர்த்தம். 1975-ல் அராய் யூமி பாடியது. 1989-ல் ஹயாவ் மியாசாகி தன் 'கிகி'ஸ் டெலிவரி சர்வீஸ்' அனிமேஷன் படத்தில் இதைப் பயன்படுத்த, அப்போது பிறந்தே இராத பிள்ளைகளுக்கும் பாட்டு தெரிந்துபோனது. மூன்றாவது, 'ருப்பான் ஸன்ஸெய் நோ தேமா'. ஆர்சென் லூப்பன் என்ற பிரெஞ்சுக் கதைத் திருடனின் பேரனாக வரும் 'லூப்பன் தி தேர்டு' அனிமேயின் தீம் மியூசிக். இசை, ஓனோ யூஜி.

மாணிக்கம் ஆங்கிலம், லிப்ஸ்டிக் பிரெஞ்சு, திருடனும் பிரெஞ்சு. ஓர் எழுத்துக்குள் சொந்தச் சரக்கு ஒன்றுகூட இல்லை!

வரிசையின் மற்ற எழுத்துகளுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. 'ரி'க்கு, போர் முடிந்த கையோடு ஜப்பானே முணுமுணுத்த 'ரிங்கோ நோ உதா' எனும் ஆப்பிள் பாட்டு இருக்கிறது. 1987-ல் தி ப்ளூ ஹார்ட்ஸ் கத்திப் பாடிய 'ரிந்தா ரிந்தா' இருக்கிறது. 'ர'வுக்கு, 1991-ல் 'டோக்கியோ லவ் ஸ்டோரி' சீரியலுக்காக ஒதா கஸுமாஸா பாடிய காதல் பாட்டு. 'ரெ'வுக்கு 'லெமன்', 'ரொ'வுக்கு 'ராபின்சன்'. ஆனால், கடைசி இரண்டையும் தொடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

'ன்' என்றால் அவுட்!

ஷிரிதோரியின் மரண அடி 'ன்' எழுத்து. ஜப்பானியச் சொல் எதுவும் அதில் தொடங்காது. எனவே, 'ன்'னில் முடியும் சொல்லைச் சொன்னவர் அங்கேயே அவுட். இப்போது மேலே போய்ப் பாருங்கள். யொனெஸு கென்ஷியின் 2018 ஹிட் 'லெமன்', ஸ்பிட்ஸ் இசைக்குழுவின் 1995 ஹிட் 'ராபின்சன்', லிப்ஸ்டிக் சேதியான 'தெங்கொன்' மூன்றுமே 'ன்'. அதாவது, 'ரு'வில் மாட்டியவர் அப்பாடா என்று 'ரூஜு நோ தெங்கொன்' எடுத்தால், பாடி முடித்த கையோடு ஆட்டத்தைவிட்டு வெளியே!

அப்படியானால் பாதுகாப்பான வழி மாணிக்க மோதிரம்தான். அது 'வா'வில் முடிகிறது.

இந்த இடத்தில்தான் ஆட்டம் வெறும் ஆட்டமாக இல்லாமல் போகிறது. ஒரு குடும்பம் கரோக்கி அறைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே சின்னச் சின்ன அறைகளாக மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். வழக்கமாக என்ன நடக்கும்? அவரவர் பாட்டை அவரவர் புக் பண்ணிவிட்டு, அடுத்தவர் பாடும்போது மரியாதைக்குக் கைதட்டிக்கொண்டே போனை நோண்டுவார்கள். பேத்தியின் பாட்டு தாத்தாவுக்குத் தெரியாது. தாத்தாவின் பாட்டை யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

எழுத்து விளையாட்டில் அந்த வசதி இல்லை. பேத்தி, யொஆஸொபி இசைக்குழுவின் 2019 பாட்டான 'யொரு நி காகெரு' பாடுகிறாள். இரவுக்குள் பாய்ந்தோடுவது என்று பொருள். முடிந்தது 'ரு'. அவளுக்கே அடுத்து என்னவென்று தெரியாது. மைக் தாத்தா கைக்குப் போகிறது, 'ருபீ நோ யுபிவா'. அடுத்து 'வா'. அம்மாவிடம் 1992-ன் மொரிதகா சிஸாதோ பாட்டு இருக்கிறது, 'வாதாஷி கா ஒபாஸான் நி நாத்தெமோ'. 'நான் ஆன்ட்டி ஆகிவிட்டாலும்...' என்ற அந்தத் தலைப்பை, உண்மையிலேயே ஆன்ட்டி ஆகிவிட்ட ஒருவர் பாடும்போது அறையே சிரிக்கும். முடிந்தது 'மோ'. தம்பி 'மொனொனொகெ ஹிமெ' படத்தின் தலைப்புப் பாட்டுக்குப் பாய்கிறான்.

நான்கு பாட்டில் நாற்பது வருஷம் சுற்றி வந்தாகிவிட்டது. இடம்கொடுத்தது, யாரிடமும் சுலபமாக விடை இல்லாத அந்த 'ரு'. சுலபமான எழுத்து விழுந்திருந்தால் பேத்தி தன் போனிலேயே அடுத்த பாட்டையும் எடுத்திருப்பாள்.

'ஒரு பாட்டுப் பாடுங்க' என்று பொதுவாகக் கேட்டால் வயதானவர்களுக்கு ஒன்றும் நினைவுக்கு வராது. ஓர் எழுத்தைக் கொடுத்தால் எங்கிருந்தோ வந்துவிடும். ஜப்பானின் முதியோர் பகல் பராமரிப்பு மையங்களில் கரோக்கியும் ஷிரிதோரியும் வாடிக்கையான பொழுதுபோக்காக இருப்பதில் ஆச்சர்யமில்லை.

பாட்டுப் புத்தகத்தில் ஒரு பழைய சொந்தம்

கரோக்கி என்றால் 'காலி ஆர்கெஸ்ட்ரா'. 1971-ல் கோபே நகரில் காசு போட்டால் இசைக்கும் மெஷினை உருவாக்கிய இனோவே தைஸுகெ அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. கோடிகளை விட்ட மனிதருக்கு 2004-ல் கிடைத்தது, சிரிக்கவைத்து யோசிக்கவைக்கும் இக் நோபல் பரிசு!

இன்று பாட்டைத் தேட டச் ஸ்க்ரீன் ரிமோட் வந்துவிட்டது. முன்பு டெலிபோன் டைரக்டரி கனத்தில் புத்தகம் இருக்கும். பாட்டுகள் அகரவரிசையில் இருக்கும். அந்த வரிசையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்முடைய க, ச, த, ந, ப, ம, ய, ர, வ போலவே இருக்கிறதா? காரணம் உண்டு. பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போன சம்ஸ்கிருத எழுத்துப் படிப்பிலிருந்து வந்த வரிசை அது. அவர்களின் 'ஹ'வும் ஆதியில் 'ப' என்றே ஒலித்தது.

அந்த 'ன்' சிக்கலுக்கு ஜப்பானியக் குட்டிப் பிசாசுகள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுத் தலைநகர் பெயரை ஜப்பானிய மொழியில் 'ன்ஜமேனா' என்று 'ன்'னில் தொடங்கித்தான் எழுதுவார்கள். யாராவது 'லெமன்' பாடி மாட்டிக்கொண்டால் உடனே 'ன்ஜமேனா!' என்று கூவி ஆட்டத்தைக் காப்பாற்றுவார்கள். பெரியவர்கள் ஒப்புக்கொண்டால் அடுத்த எழுத்து 'ந'. இறந்துபோன அண்ணனை நினைத்து மொரியாமா ரியோகோ எழுதி, நாத்ஸுகாவா ரிமி பாடியதும் ஊரெல்லாம் பரவிய 'நதா ஸோஸோ' அதில்தான் தொடங்குகிறது. பாட்டி மைக்கைக் கேட்பார்.