ரோடு கேட்டா மட்டும் காடு அழிஞ்சிருமாங்க?

திருமூர்த்திமலைக்கு மேல இருக்கிற ஒரு மலைக்கிராமத்துக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னதும், எங்கூரு பெரிய தோட்டக்காரர் ஒருத்தர் கேக்கறார்: "அவங்களுக்கு எதுக்கு ரோடு? காட்டை விட்டுக் கீழ வந்து குடியிருக்கலாமில்ல?"

அவர் தென்னைக்குப் பாயறது பிஏபி தண்ணி. ஆனைமலையில பெய்யிற மழைதான் அணையில தேங்கி, காண்டூர் கால்வாய்ல 49 கிலோமீட்டர் மலையைச் சுத்தித் திருமூர்த்தி அணைக்கு வருது. அந்தக் கால்வாய் வெட்டவும், காடம்பாறையில மலையைக் குடைஞ்சு கரண்டு எடுக்கவும் லாரி போக வழி செஞ்சாங்களே, அப்ப யாரும் காடு போச்சுன்னு அழுகல. வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவுலயும் ஞாயித்துக்கிழமையானா கார்தான். அதுக்கும் காடு தாங்குது.

நான் போன ஊர்ல தைலப்புல்லைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கறாங்க. அந்தக் கேனையும் தலைச்சுமையாத்தான் இறக்கணும். பிரசவ வலி வந்தா கம்புல போர்வையைத் தொட்டிலாட்டக் கட்டி நாலு பேர் தூக்கறாங்க. வழியில ஆனை நின்னா, அது நகர்ற வரைக்கும் வலியோட காத்துக் கிடக்கணும். நம்ம ஊட்டுப் பொண்ணா இருந்தா சும்மா இருப்பமா?

சட்டத்துல இடமில்லைன்னு சொல்றதும் பொய்ங்க. 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2) படிச்சுப் பாருங்க. கிராம சபை பரிந்துரைச்சா, ரோட்டுக்கு ஒரு ஹெக்டேருக்குள்ள காட்டு நிலம் ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக்கூடாது, அவ்வளவுதான். 10 அடி அகலத்துக்குக் கணக்குப் போட்டா 3 கிலோமீட்டருக்கு மேலயே வரும். ஏற்கெனவே இருக்கிற தடத்தைச் சீர் பண்ணினா அத்தனை மரம்கூடப் போகாது. ஆனைமலை புலிகள் காப்பகம் ஆனது 2007ல. இந்தச் சனம் எத்தனை தலைமுறையா அங்க இருக்குது! அவங்க கிராம சபை சம்மதிக்காம எழுப்பி அனுப்பவும் அதே சட்டத்துல வழியில்லை.

ரோடு வந்தா பின்னாடியே ரிசார்ட்டும் வரும்னு பயப்படறது நியாயம்தான், நானும் ஒத்துக்கறேன். அதுக்கு செக்போஸ்ட் போட்டு வெளியூர் காரை நிறுத்துங்க. ஊர்க்காரன் ஜீப்பையும் ஆம்புலன்ஸையும் விடுங்க. சுற்றுலாக்காரனுக்குக் கேட்டைத் திறந்துட்டு, வலியில துடிக்கிற பொம்பளைக்கு மட்டும் காட்டைக் காரணம் சொன்னா என்ன ஞாயம் இது?

ஆகஸ்ட் 15 கிராம சபையில எங்கூர்ல இதுக்கு ஆதரவாத் தீர்மானம் கேக்கப் போறேன். மலை அடிவாரத்துல பிஏபி தண்ணி வாங்கற மத்த ஊர்க்காரங்களும் அவங்கவுங்க சபையில கேளுங்க.