கல்விச் சாளரம்: இரண்டு பட்டங்களா, இரண்டு பாடங்களா?

ஸ்காபரோவில் வாழும் தாயார் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியுள்ளார். கணிதத்திலும் பொருளியலிலும் நாட்டமுள்ள மகள், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் அவ்விரண்டையும் முதன்மைப் பாடங்களாகக் கற்க விரும்புகிறாள். இரவு வேலை செய்யும் தந்தையோ, வோட்டர்லூவில் இரட்டைப் பட்டம் பெறவேண்டும் என்கிறார். "எது மேலானது?" என்பதே தாயாரின் வினா.

முதலில் வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவோம். இரு முதன்மைப் பாடங்களைக் கற்பவர் பெறுவது ஒரே பட்டமே. ரொறன்ரோப் பல்கலைக்கழகக் கலை, விஞ்ஞான பீடத்தில் சிறப்புப் பட்டத்திற்கு 20 கிரெடிற்றுகள் தேவை. ஆண்டுக்கு ஐந்தாக நான்கு ஆண்டுகளில் அவற்றை நிறைவு செய்யலாம். இரு பாடங்களுக்குமாக 12 வெவ்வேறு கிரெடிற்றுகளேனும் இருத்தல் வேண்டும். முதலாம் ஆண்டின் பின்னரே பாடத்தெரிவு நிகழ்வதால், மனம் மாறும் மாணவருக்கு இடமுண்டு. எனினும், சில பாடங்களுக்கு முதலாம் ஆண்டுப் புள்ளிகளும் பார்க்கப்படும்.

இரட்டைப் பட்டம் என்பது இரு தனித்தனிப் பட்டங்கள். அருகருகே அமைந்த வோட்டர்லூ, வில்பிரட் லோரியே பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்தும் கற்கைநெறி இதற்கு எடுத்துக்காட்டு. வோட்டர்லூவில் கணிதப் பட்டமும் லோரியேயில் வணிக நிர்வாகப் பட்டமும் கிடைக்கும். இதற்கு ஐந்து ஆண்டுகள் செல்லும். இடையிடையே ஊதியத்துடன் கூடிய தொழிற்பயிற்சியும் உண்டு.

ஆகவே இது ஒன்றா இரண்டா என்ற எண்ணிக்கைக் கணக்கன்று. வணிக நிர்வாகத்தில் உண்மையான விருப்பமுள்ள பிள்ளைக்கு ஐந்தாம் ஆண்டு பயனுள்ள முதலீடு. அவ்விருப்பம் இல்லாதவருக்கோ அது சுமை. ஓராண்டுக் கட்டணம் மட்டுமன்றி, அவ்வாண்டில் உழைத்திருக்கக்கூடிய சம்பளமும் கைநழுவும். ஒன்ராறியோ மாணவர் உதவித் திட்டம் நிரந்தர வதிவுரிமை பெற்றோருக்கும், அகதிக்கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாப்புப் பெற்றோருக்கும் திறந்திருக்கிறது. ஆயினும் அவ்வுதவியில் கடனாகத் தரப்படும் பகுதியைப் பின்னர் திருப்பிச் செலுத்தவேண்டும் என்பதை மறத்தலாகாது.

அந்தத் தந்தையை நாம் குறைகூறவில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் எம்மவர் பலருக்குப் பல்கலைக்கழக வாசலை அடைத்தது. 1983 இன் பின்னர் போர் பள்ளிக்கூடங்களையே இடம்பெயரச் செய்தது. ஒரு பட்டமும் கிட்டாத தலைமுறை, தன் பிள்ளைக்கு இரண்டு வேண்டும் என ஏங்குவது இயல்பே. ஆனால் நாம் இழந்த பட்டத்தை எம் பிள்ளையின் ஐந்தாம் ஆண்டால் ஈடுசெய்ய முடியுமா என்பதை அவர் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.

தாயாருக்கு எமது ஆலோசனை இதுதான். இரு கற்கைநெறிகளின் பாடப்பட்டியல்களையும் மேசையில் வைத்து, மூவரும் ஒன்றாக அமருங்கள். தான் விரும்பிக் கற்கக்கூடிய பாடங்களுக்குக் கீழே மகள் கோடிடட்டும். வணிகப் பாடங்களின் கீழ் கோடுகள் விழவில்லையெனில் விடை கிடைத்துவிட்டது. கோடுகள் நிறைந்திருந்தால் தந்தையின் எண்ணத்திலும் நியாயம் உண்டு. எவ்வாறாயினும், எழுதுகோல் மகளின் கையிலேயே இருக்கட்டும்.