காகிதம் உள்ள சாவுகள்

சென்ற மாதம் தபாலில் ஒரு நாடகச் சிறப்பிதழ் வந்தது. எய்ட்ஸில் மாண்ட பால்புதுமை நாடகாசிரியர்களை மீட்டெடுக்கிறார்கள். கோல்தேஸ், லகார்ஸ், சார்லஸ் லட்லம் எல்லாரும் இருக்கிறார்கள். சந்தோஷம். முன்னுரையின் கடைசிப் பத்தியில்தான் வினை. தமிழ் நாடகத்துக்கு இப்படியொரு இழப்பு நேரவில்லையாம். நேர்வதற்கு இங்கே ஆளே இல்லையாம்.

எந்தப் பதிவேட்டைப் புரட்டி இதைக் கண்டுபிடித்தார்கள்? இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனின் முயற்சியால். இலவசக் கூட்டுமருந்தை அரசு கொடுக்கத் தொடங்கியது 2004இல். நடுவே 18 வருஷம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கூத்துக்காரர் செத்தால், கேட்டவர்களுக்கு வீட்டார் சொல்லும் பதில் 'டிபி'. தலைக்குமேல் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு வேறு. பேரையும் நோயையும் ஆசையையும் ஒரே வரியில் எழுதிவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பிரெஞ்சுக்காரர் லகார்ஸையே எடுத்துக்கொள்வோம். 'உலகத்தின் முடிவு, அவ்வளவுதான்' என்பதை அவர் எழுதியது 1990இல். அவர் உயிரோடிருந்தவரை அதை யாரும் மேடையேற்றவில்லை. 1995இல், 38 வயதில் இறந்தார். கூட்டுமருந்து அடுத்த வருஷம் வந்தது. 2008இல் அதே நாடகம் கொமெதி பிரான்செஸில் ஏறியது, 2016இல் சினிமாவாகிக் கான் விழாவில் பரிசு வாங்கியது. காரணம், பெசான்சோன் என்கிற மாகாண ஊரில் 1992இல் நண்பரோடு சேர்ந்து அவர் தொடங்கிய சிறு பதிப்பகம். பிரதிகள் அச்சில் இருந்தன. நாடகத்தில் ஒருவன் தான் சாகப்போவதைச் சொல்ல வீட்டுக்கு வருகிறான். சொல்லாமலே திரும்பிப் போகிறான். பாளையங்கோட்டையில் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய கதை. தட்டச்சு செய்துவைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுதிவைத்தவர்கள் கதியே இங்கே இப்படி: அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், ஒரே ராத்திரியில் ஒரு முழு நாடகம் எழுதியதாகச் சொல்லப்படுபவர்; அவருடைய நாடகங்களில் பல நம் கைக்கு வந்து சேரவில்லை. பெண் வேடமிட்டு மேடையிலேயே வசனத்தை உண்டாக்கிய ஸ்திரீபார்ட்காரருக்கு என்ன மிஞ்சும்?

சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் கணியான் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பாட்டுத்தலைவரான அண்ணாவி பாட, மகுடப் பறைகள் இரண்டும் அதிர, பெண் வேடமிட்ட இருவர் சலங்கையோடு சுழல்வார்கள். நடுச்சாமத்துக்குமேல் கூட்டத்தோடு வம்பளக்க ஆரம்பித்தால், அங்கேயே பிறந்து அங்கேயே போய்விடும் பேச்சு அது. பெண் வேடம் கட்டியவரெல்லாம் பால்புதுமையினர் என்று சொல்லவில்லை. அந்தச் சோம்பேறித்தனம் எங்களுக்கு வேண்டாம். எங்கள் மேஜையில் ஒரு பழைய கொடை நோட்டீஸ் கிடக்கிறது. வரி தந்தவர்கள், பந்தல்காரர், ரேடியோ செட்காரர் எல்லார் பேரும் இருக்கிறது. ஆடியவர்கள் 'குழுவினர்'.

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் கேட்ட காலத்தில், கரகமும் வில்லுப்பாட்டும் விழிப்புணர்வுப் பிரசாரத்துக்குக் கூலிக்குப் போயின. அந்த வசனங்கள் ஏதாவது ஒரு ஆபீஸ் கோப்பில் பத்திரமாக இருக்கும்.

இதில் சிற்றிதழ்க்காரர்கள் கை சுத்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வேரைத் தேடிப் போன நவீன நாடகக்காரர்கள் கூத்திலிருந்து அடவை எடுத்தார்கள், முகவீணையை எடுத்தார்கள், மானியமும் எடுத்தார்கள். ஆடியவர் யாரோடு வாழ்ந்தார், எந்த ஆஸ்பத்திரியில் படுத்தார் என்று கேட்கவில்லை. பிரெக்டின் அந்நியமாதல் பற்றிச் சிற்றிதழ்களில் நாற்பது பக்கம் எழுதியவர்களுக்கு இது நாடகப் பிரச்சினையாகவே படவில்லை. நமக்கு அச்சில் வந்தால்தான் பிரதி, பிரதி இருந்தால்தான் ஆசிரியர், ஆசிரியர் இருந்தால்தான் சாவு.

சித்திரை பிறந்தால் தாமிரபரணி ஆற்றின் இரு கரையிலும் கொடைகள். தொண்ணூறுகளில் உங்கள் செட்டில் ஆடியவர்கள் யார் யார், யார் எப்போது நின்றுபோனார் என்று வயதான அண்ணாவிமாரிடம் கேட்டுப் பதிவு செய்து வருகிறவர்களுக்குப் பஸ் செலவு தருவோம். அண்ணாவிக்குத் தனிச் சம்பளம் உண்டு. ஊரும் குடும்பமும் மறைக்கச் சொல்லும் பேர்களை மறைத்தே அச்சிடுவோம். அடுத்த இதழின் பக்கங்கள் அதற்கே போய்விடும் என்பதால், யாரும் கவிதை அனுப்ப வேண்டாம்.