கோபுரம் உண்டு, கீரை இல்லை

2023ஆம் ஆண்டின் கோடை விடுமுறையை நாம் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், எடிசன் நகரில், தமக்கை மகளின் இல்லத்தில் கழித்தோம். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். கோயிலில் வளைகாப்பு முடிந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. மே மாதக் கடைசி ஞாயிறன்று அவளுடைய அலுவலகத் தோழியர் ‘பேபி ஷவர்’ ஒன்றை ஏற்பாடு செய்திருந்தனர். பிறக்கப்போகும் குழந்தைக்கு வேண்டிய பொருள்கள் தாயின்மேல் மழையெனப் பொழியும் என்பது பெயரின் உட்கிடை. பெயர் அழகுதான்.

விழாவுக்குத் தேவதைக் கதைகளைக் கருப்பொருளாகக் கொண்டிருந்தனர். முப்பது விருந்தினர், விடைபெறும்போது ஆளுக்கு இரண்டு குக்கிகள், ஆக அறுபது. (நாம் பிஸ்கட் என்பதை அவர்கள் குக்கி என்கிறார்கள். அங்கே பிஸ்கட் என்று கேட்டால் வேறொன்று தட்டில் வந்து விழும்.) அலங்கரித்த குக்கி ஒன்றின் விலை நம்மூரில் ஒருவேளைச் சாப்பாட்டின் விலையைத் தாண்டிவிடும் என்று கணக்கிட்டு, வீட்டிலேயே செய்வதெனத் தீர்மானித்தார்கள். கோலம் போடத் தெரிந்த கை என்ற நற்சான்றிதழின் பேரில் அலங்காரப் பணி நம் தலையில் விழுந்தது.

வேலை நுட்பமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு பவுண்டு பொடித்த சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி மெரிங் பொடி, ஐந்தாறு கரண்டி தண்ணீர். இவற்றை அடித்துக் குழைத்தால் ராயல் ஐசிங். முதலில் கெட்டியான குழம்பைக் கூம்புப் பையில் நிரப்பி விளிம்புக் கோட்டை இழுக்க வேண்டும். அது சற்று இறுகியபின், நீர் சேர்த்துத் தளர்த்திய குழம்பை உள்ளே ஊற்றிப் பரப்ப வேண்டும். கரண்டியால் எடுத்து விட்ட கோடு பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் மறைந்தால் அதுவே பக்குவம். மேலெழும் காற்றுக் குமிழ்களை ஊசியால் குத்தி விடவேண்டும். ஓர் இரவு முழுவதும் காயாவிட்டால் அடுத்த நிறம் முதல் நிறத்தோடு கலந்துவிடும். ஜாங்கிரித் துணியைப் பிடித்துப் பழகியவருக்குக் கையழுத்தம் விரைவில் வசப்படும்; பொறுமைதான் வசப்படாது. முதல் பன்னிரண்டும் நம் மாணவர்களின் விடைத்தாள்களைப் போலவே அமைந்தன: கோடு ஓரிடம், விடை ஓரிடம்.

நிற்க. தோழியர் அனுப்பிய பட்டியல் இது: கோட்டை, பூசணித் தேர், கண்ணாடிச் செருப்பு, மணிமுடி, நீண்ட பொற்சடை தொங்கும் கோபுரம், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மூன்றாவது கோபுரத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோதுதான் நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. இவ்விழா யாருக்காக? ஒரு தாய்க்காக. இந்தப் பட்டியலில் தாய் எங்கே?

எங்குமே இல்லை. மணமாகாத இளவரசியின் உடைமைகளாகவே அவ்வைந்தும் இருந்தன. தேரும் செருப்பும் 1697இல் பிரெஞ்சுக்காரர் சார்ல் பெரோ எழுதிய சிண்ட்ரெல்லாவிலிருந்து வந்தவை. அக்கதையின் தொடக்கத்திலேயே தாய் இறந்துபோயிருக்கிறாள். ஜெர்மானிய வடிவத்தில் அவள் கல்லறைமேல் வளர்ந்த மரமாக மட்டுமே நிற்கிறாள். ஸ்னோ ஒயிட்டின் தாய் மகளைப் பெற்றதும் மாண்டுபோகிறாள். இங்கே ஒரு பதிப்பு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட முதற்பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்லும் ஹான்ஸல், கிரெட்டல் தாய்க்கும் பிற்பதிப்புகளில் அதே கதி. ஆக, இத்தொகுப்பின் புகழ்பெற்ற கதைகளில் நல்ல தாய் மாண்டவளாகவும், இருக்கிற தாய் மாற்றாளாகவும் ஆகிப்போனார்கள். இவற்றைத்தான் நாம் சர்க்கரையில் வரைந்து ஒரு சூலியின் முன் பரப்புகிறோம்.

ஆயினும் நாம் வரைந்துகொண்டிருந்த கோபுரத்துக்குரிய கதை வேறுவகை. ரபுன்ஸல் கதை சடையில் தொடங்குவதன்று, மசக்கையில் தொடங்குவது. நெடுநாள் பிள்ளையில்லாதிருந்து கருவுற்ற ஒருத்தி, பின்புறச் சாளரத்தின் வழியே அடுத்த வீட்டு மதிலுக்குள் தழைத்திருக்கும் கீரையைப் பார்க்கிறாள். அதைத் தின்னாவிட்டால் உயிர் தரிக்காது என்னும்படி மெலிகிறாள். கணவன் அந்திப்பொழுதில் மதிலேறித் திருடி வருகிறான். உண்டபின் அவா மும்மடங்காகிறது. இரண்டாம் முறை தோட்டத்துக்குரிய சூனியக்காரியிடம் அகப்பட்டு, பிறக்கும் குழந்தையையே விலையாக ஒப்புக்கொண்டு மீள்கிறான். ரபுன்ஸல் என்பது அந்தக் கீரையின் பெயர்! குழந்தையை எடுத்துச் செல்லும் சூனியக்காரி அதற்கு இட்ட பெயர் அது. பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு தாயின் மசக்கையைத்தான் சொல்கிறோம்.

இதற்கும் முன்னோடி உண்டு. நேபிள்ஸ் நகரத்து ஜியாம்பத்திஸ்தா பஸீலேயின் கதைத்தொகுதி, அவர் மறைவுக்குப் பின் 1634 முதல் 1636 வரை வெளிவந்தது. அதில் கருவுற்றவளே அரக்கியின் தோட்டத்தில் பார்ஸ்லிக் கீரையைக் கிள்ளுகிறாள். மகளின் பெயரும் பார்ஸ்லியை ஒட்டியதே. கிரிம் முதற்பதிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கோபுரத்தில் இளவரசனைச் சந்தித்துவந்த ரபுன்ஸல், தன் உடைகள் ஏன் இறுகிக்கொண்டே வருகின்றன என்று அறியாமையோடு கேட்டே அகப்படுகிறாள். அவளும் கருவுற்றிருக்கிறாள் என்பது குறிப்பு. குழந்தைகள் படிக்கத் தக்கதன்று என்ற கண்டனம் எழவே, பின்வந்த பதிப்புகளில் அந்தக் கேள்வி நீக்கப்பட்டது. கதையின் இரு முனைகளிலும் இரு சூலிகள் நின்றார்கள். ஒருத்தி பதிப்பில் மறைந்தாள். மற்றவளின் கதை 2010இல் வந்த டிஸ்னி திரைப்படத்தில் மாறிப்போயிற்று: அங்கே அரசி நோயுறுகிறாள், பொன்மலர் மருந்தாகிறது, அவா என்ற சொல்லுக்கே இடமில்லை. குக்கியில் நாம் வரையும் சடை அப்படத்தின் சடைதான்.

இதையெல்லாம் நடு இரவில் ஏன் எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதற்கு வேறொரு காரணமும் இருந்தது. தமக்கை மகளுக்குக் கருக்கால நீரிழிவு என்று கண்டறிந்திருந்தார்கள். நாளுக்கு நான்கு முறை விரலைக் குத்திப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். அந்த அறுபதில் ஒன்றைக்கூட அவள் வாயில் வைக்க இயலாது. இது தோழியருக்குத் தெரியாது. விழாவின் மகிழ்ச்சியைக் கெடுக்கலாகாது என்று அவள் சொல்லவில்லை. அவள் விரும்பியதும் இனிப்பன்று. மேசைக்கு எதிரே கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருந்தவள், “சித்தி, எனக்கு மணத்தக்காளிக் கீரை மசியல் சாப்பிடணும் போல இருக்கு” என்றாள். மூன்று வாரமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்நகரின் இந்தியக் கடைகளில் முருங்கைக்கீரை உறைந்த நிலையில் கிடைத்தது, மணத்தக்காளி கிடைக்கவில்லை. ஊரிலிருந்து பச்சைக்கீரையை விமானத்தில் கொண்டுவருவதும் நடவாத காரியம்.

நம் இலக்கியம் இந்த அவாவை மதித்த இலக்கியம். வயா என்ற சொல்லுக்கு மிகுந்த வேட்கை என்று தொல்காப்பியர் உரியியலில் பொருள் கூறுகிறார். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய குறுங்கோழியூர் கிழார், அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, வயவுற்ற மகளிர் விரும்பி உண்டால்தான் உண்டு என்று புகழ்கிறார். ஒரு வேந்தனின் வலிமையை அளக்கச் சூலியின் நாவை அளவுகோலாக்கிய புலவர் அவர். புறநானூற்றின் 20ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சிரிப்பலை எழும். பெண்கள் மட்டும் சிரிப்பதில்லை.

இவ்விடத்தில் வாசக அன்பர்கள் கேட்கக்கூடும்: பிறந்தநாள் அட்டையிலும் குக்கியிலும் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? அழகாக இருந்தால் போதாதா? அழகுக்கு நாம் எதிரியல்லர். கோட்டையும் தேரும் இருக்கட்டும். ஆனால் கருப்பொருள் என்று ஒரு கதையை அழைத்தபின், விழாவுக்கு உரியவளைப் பற்றி அக்கதை சொல்லும் ஒரே செய்தியை வாசலிலேயே நிறுத்துவது முறையாகாது என்பது நம் கருத்து. கதையைப் படிக்காமல் அதன் நகைகளை மட்டும் அணிந்துகொள்வது அது.

மறுநாள் காலை, பன்னிரண்டு கோபுரங்களில் ஆறை நிறுத்திக்கொண்டு, மீதியிருந்த மாவில் ஆறு இலைகளை வெட்டினோம். பசுமை நிறக் குழம்பு. நடுநரம்புக்குச் சற்றுக் கெட்டியான வெளிர்பச்சை. கோபுரத்தைவிட இலை எளிது. சம்பந்தி அம்மாளுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “குழந்தையைச் சூனியக்காரி தூக்கிட்டுப் போற கதையை நல்ல நாளிலா சொல்றது?” என்றார்.

இந்த மறுப்பை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. சூலுற்றவள் செவியில் எது விழலாம், எது விழலாகாது என்பதில் நம்மவர்க்கு உள்ள கவலை நெடுங்காலத்துக் கவலை. அதில் அன்பும் இருக்கிறது. நாமும் ஒரு கணம் இலைகளை எடுத்துவிடலாமா என்று தயங்கினோம். ஆனால் அந்தப் பெண் இரவில் உறங்காமல் சர்க்கரை அளவுகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்ததை நாம் பார்த்திருந்தோம். தன் உணவு பிள்ளைக்குத் தீங்காகுமோ என்ற அச்சம் அவளுக்குக் கதை கேட்டு வரவேண்டியதில்லை; ஏற்கெனவே இருந்தது. கதையில் அதே அச்சத்தோடு இன்னொருத்தி இருக்கிறாள். அவளிடமே கேட்போம் என்று கதை முழுவதையும் சொன்னோம். கேட்டுவிட்டு, “பாவம், ஒரு கீரைக்கா?” என்றாள். பிறகு, “இலை இருக்கட்டும் சித்தி.”

விழாவில் எதிர்பார்த்தது போலவே இலையைக் கையில் எடுத்தவர்கள் எல்லாரும் இது எந்தக் கதை என்று கேட்டார்கள். நம் ஆங்கிலத்தில் இயன்றவரை கூறினோம். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற ஓர் அமெரிக்கப் பெண்மணி, தான் முதல் கர்ப்பத்தில் கடித்து மென்ற பனிக்கட்டிகளைப் பற்றிக் கூறத் தொடங்கினார். இன்னொருவர் ஊறுகாய்ச் சாற்றைக் குடித்ததைச் சொன்னார். அதுவரை தள்ளுவண்டியின் விலையையும் தொட்டிலின் நிறத்தையும் பேசிக்கொண்டிருந்த கூடம், அரைமணி நேரம் நாக்கைப் பற்றிப் பேசிற்று. அந்தப் பேச்சின் நடுவேதான் தமக்கை மகள் தன் நீரிழிவைப் பற்றித் தோழியரிடம் சொன்னாள். ஒருத்தி எழுந்து சென்று அவள் முன்னிருந்த கேக் துண்டை எடுத்துவிட்டு வறுத்த பாதாம் கிண்ணத்தை வைத்தாள். மற்றவர்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

விருந்தினருள் பின்தெருவில் வசிக்கும் ஆந்திர அம்மையார் ஒருவர் இருந்தார். கதையை முழுவதும் கேட்டவர், இங்கே உனக்குக் கிடைக்காத கீரை எது என்று மட்டும் விசாரித்துச் சென்றார். ஜூன் இரண்டாம் வாரம், நாம் ஊர் திரும்ப நான்கு நாள் இருக்கையில், ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் சாளரத்தருகே வைத்துக் காப்பாற்றிய தொட்டிச் செடியாம். தெலுங்கில் காமஞ்சி என்றார். ஒரு கைப்பிடிதான் தேறிற்று; பாசிப்பருப்பைச் சற்றுத் தாராளமாகச் சேர்த்து மசித்தோம். அவள் கணவன் மதிலேற வேண்டியிருக்கவில்லை. பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்கலாகாதென்று, எஞ்சியிருந்த இரண்டு கோபுரங்களை அதில் வைத்துக் கொடுத்தனுப்பினோம்.