மே 1 அன்று ஏரிக்காக வாருங்கள்!

ஏற்காட்டுத் தோழர்களே,

மே 1 கிராமசபைக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. அது முடிந்த கையோடு கோடை விழா வந்துவிடும். அண்ணா பூங்காவில் மலர்க்கண்காட்சிப் பந்தல் எழும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசை கட்டி ஏறும். ஒண்டிக்கடையில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்துக்குள் நின்று ஏரியைப் பற்றிப் பேச ஆளும் கிடைக்காது, காதும் கிடைக்காது. பேச வேண்டியதை இப்போதே பேசி, கிராமசபைத் தீர்மானமாக எழுதிவிட வேண்டும்.

சேலத்துக்குக் கடற்கரை கிடையாது. தறியில் நிற்பவரும் மண்டியில் மூட்டை தூக்குபவரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பேருந்துக் காசில் வந்து, தண்ணீரோரம் ஒரு பகல் உட்கார்ந்துவிட்டுப் போகிற இடம் நம் ஏரிக்கரை. வசதியுள்ளவர்களுக்கு எஸ்டேட் பங்களாக்கள் இருக்கின்றன. இல்லாதவர்களுக்கு ஏரியும் அதன் எதிரே உள்ள பூங்காவும்தான். அதனால்தான் ஏரியைக் காப்பதைச் சுற்றுலாத் துறையின் வேலை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

இந்த மலையில் பொதுவாக மிஞ்சியிருப்பது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார். அடுத்தடுத்து சரிவுகள் தோட்டங்களாயின. வேலிகள் வந்தன, கேட்டுகள் வந்தன. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடங்களில் காவல்காரர்கள் நின்றார்கள். பிறகு மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டினார்கள். சேர்வராயன் கோயில் பக்கம் போகிறவர்கள், வெட்டிய இடத்தில் மண் எப்படிக் கிடக்கிறது என்பதை நின்று பார்க்க வேண்டும். மேல்மண் போன மலை திரும்ப மலையாக எத்தனை தலைமுறை ஆகும்?

ஏரியில் விழுவது ஏரியோடு நிற்பதில்லை, தோழர்களே. அது நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவியாக ஏறத்தாழ 300 அடி இறங்குகிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலைத்தொடரில் பிறந்து காவிரிக்குப் போகின்றன. வாணியாறு அந்தப் பக்கம் இறங்கித் தென்பெண்ணைக்குப் போகிறது. நாம் மேலே இருப்பவர்கள். நாம் விடுகிற தண்ணீரைத்தான் கீழே உள்ளவர்கள் வாங்குகிறார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது மலைப்பாதை சரிந்ததை எல்லோரும் பார்த்தோம். ஓடைகளை அடைத்தும் சரிவுகளைக் குடைந்தும் கட்டிக்கொண்டே போனால் அடுத்த மழை இன்னும் கடுமையாகக் கணக்குக் கேட்கும்.

பேசத் தெரியாத உயிர்களுக்காகவும் நாம்தான் பேச வேண்டும். தோட்டங்களுக்குள் இறங்கி வரும் காட்டுமாடுகள் மேய்ச்சலோடு பிளாஸ்டிக் பையையும் விழுங்கக்கூடும். மஞ்சள்தொண்டைச் சின்னான் என்ற சிறு குருவி இந்த மலையில் இருக்கிறது; தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளையும் புதர்க்காடுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் அது கிடையாது. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-இல் ஆர்க்கிட் தோட்டம் அமைக்க நம் ஊரைத் தேர்ந்தெடுத்தது. இவ்வளவும் உள்ள மலைக்கு வருகிறவர்கள் செல்பி ஒன்றோடு திரும்புகிறார்கள் என்றால், சொல்லிக்கொடுக்க நாம் அங்கே நிற்கவில்லை என்று பொருள்.

கடைக்காரத் தோழர்களும் படகோட்டும் தோழர்களும் பயப்பட வேண்டாம். யாருடைய பிழைப்பையும் எடுக்கச் சொல்லி நாம் வரவில்லை. மிளகாய் பஜ்ஜியும் வேகவைத்த சோளமும் இல்லாத ஏரிக்கரை எனக்கும் வேண்டாம். நாம் கேட்பது இதுதான்: ஏரிக்கு வரும் ஓடைகளின் ஓரத்திலுள்ள ஒவ்வொரு விடுதியும் தன் கழிவுநீர் எங்கே போகிறது என்பதை ஊருக்குக் காட்ட வேண்டும். சுத்திகரிக்காத ஒரு சொட்டும் ஓடையில் இறங்கக் கூடாது. கரையை ஒட்டிப் புதுக் கட்டடம் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதலே மாநிலத்தில் தடை இருக்கிறது. அடிவாரச் சோதனைச்சாவடியில் அது விழாக் காலத்திலும் நடைமுறையில் இருக்க வேண்டும். விழாவுக்கு முன்பும் பின்பும் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும் கூடுதல் கூலியும் வேண்டும். இதை மட்டும் யாரும் பேரம் பேசி விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டிய ஊராட்சியில் கிராமசபைக்குக் குறைந்தது 300 பேர் வர வேண்டும். அந்தக் கூட்டத்தைக் கூட்டுவது நம் பொறுப்பு. ஏற்காடு ஊராட்சி வாக்காளர்கள் நேரில் வாருங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி, தலைச்சோலைத் தோழர்கள் இதே தீர்மானத்தை உங்கள் ஊராட்சியிலும் கொண்டுவாருங்கள். ஓடைகள் ஊராட்சி எல்லை பார்த்து ஓடுவதில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கு அன்று விடுமுறை. உழைப்பாளர் தினத்தில் உழைப்பாளர்கள் பேசாமல் வேறு யார் பேசுவது?

தீர்மானத்தை எழுத்தில் கொண்டுவாருங்கள். பதிவேட்டில் எழுதுகிற வரை எழுந்திருக்காதீர்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகு கையெழுத்திடுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பாட்டி தாத்தாக்களின் பக்கத்தில் உட்காருங்கள். கூட்டம் முடிந்ததும் கோணியும் கையுறையுமாக எல்லோரும் படகு இல்லத்துக்கு வந்துவிடுங்கள். அன்று மாலையே கரையின் வடிகால்களிலிருந்து தொடங்குகிறோம்.