கொதிக்க வைத்தாலும் போகாத குற்றம்

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் பயமில்லை என்பது நம் வீடுகளில் வெகுகாலமாக இருந்துவரும் நம்பிக்கை. காலரா, டைபாய்டு கிருமிகளைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் போர்வெல் தண்ணீரை நம்பிக் குடித்தனம் நடத்தும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. அதன் பெயர் நைட்ரேட்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாடெங்கும் எடுக்கப்பட்ட 15,259 மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரம்பை மீறியிருந்தது. ராஜஸ்தானில் நூற்றுக்கு 49, கர்நாடகத்தில் 48, தமிழ்நாட்டில் 37. ஊர்த் தண்ணீர்தான் நல்ல தண்ணீர் என்று பெருமை பேசுவோருக்கும் இதில் ஆறுதல் இல்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயம் வகுத்த எல்லை. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்ற சலுகை சில பொருள்களுக்கு உண்டு. நைட்ரேட்டுக்கு அதுவும் இல்லை.

காரணம், கைக்குழந்தைகள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் வயிற்றில் நைட்ரேட், நைட்ரைட்டாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்த இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்க, உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிணற்று நீரே இதற்குக் காரணம் என்று டாக்டர் ஹண்டர் காம்லி 1945-லேயே எழுதினார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் தங்கிவிடும். 40 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சினால், கையில் இருப்பது லிட்டருக்கு 80 என்ற கணக்கு! குளோரினும் மெழுகுவர்த்தி ஃபில்டரும் இதைத் தொடுவதில்லை. ஆர்.ஓ. இயந்திரம் பெருமளவு நீக்கும். ஆனால் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் குமாஸ்தாவுக்கு அதை வாங்குவதும், சவ்வைக் காலாகாலத்தில் மாற்றுவதும் எளிதல்ல.

இது எங்கிருந்து வருகிறது? வயல்களில் கொட்டும் யூரியாவைச் சொல்கிறார்கள். கிராமத்துக்கு அது பொருந்தும். நகர விளிம்பில் யூரியா போடுவார் யார்? அங்கே குற்றவாளி, வீட்டுக்கு வீடு தோண்டிய கக்கூஸ் குழியும் கசியும் சாக்கடையும்தான். 2007-ல் பெங்களூரோடு 110 கிராமங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கென காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியதோ 2024 அக்டோபரில்! இடைப்பட்ட 17 ஆண்டுகளில் வீடுகள் முளைத்தன. குழியும் போர்வெல்லும் ஒரே மனையில் அருகருகே இறங்கின.

காவிரி நீர் வருவது நல்லதே. எனினும் குழாய் போட்டதோடு கடமை முடிந்ததாக அதிகாரிகள் எண்ணலாகாது. பாதாளச் சாக்கடையும் கூடவே வர வேண்டும். பொதுப் போர்வெல்லின் பரிசோதனை முடிவை அந்தத் தெருவிலேயே, கன்னடத்தோடு தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்டால் “இத்தனை வருஷமாக நாங்களும் இதைத்தான் குடிக்கிறோம்” என்பார். பெரியவர்கள் குடித்துத் தாங்குவது கைக்குழந்தைக்கு அத்தாட்சி ஆகாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பயமில்லை. புட்டிப்பால் கரைக்க வேண்டியவர்கள், பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை, போர்வெல் தண்ணீரை விட்டுக் காவிரிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் காய்ச்சி உபயோகிக்கலாம்.